பாத்தியும் பட்டாவும்: பெற்றோரை இழந்த பிள்ளைகளும் காய்கறிச் சாகுபடிப் பயிற்சியும்

உழவுத் தொழிலுக்குப் பெரும்பாலான நாடுகளில் பள்ளிக்கூடம் இருந்ததில்லை. அப்பா மடை திறக்கப் போகும்போது பின்னாலேயே நடந்தும், அம்மா களை எடுக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்தும் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டார்கள். கத்தரி நாற்றை எத்தனை நாளில் பிடுங்கி நடுவது, இலை சுருண்டால் அது அசுவினியா தண்ணீர்க் குறையா, எந்தச் சுரைக்காயை விதைக்கு விடுவது என்பதையெல்லாம் யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியதில்லை. அதனால்தான் பிள்ளை தலையெடுக்குமுன் பெற்றோர் இறந்துபோனால் அவர்களோடு அந்த அறிவும் போய்விடுகிறது. ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் எய்ட்ஸ் நோய் செய்த சேதங்களில் இது அதிகம் பேசப்படாத ஒன்று. 2005 வாக்கில் உலகம் முழுவதும் சுமார் 1.5 கோடிப் பிள்ளைகள் எய்ட்ஸால் தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்திருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அவர்களில் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே வாழ்ந்தவர்கள். நிலம் இருந்தும் அதில் என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லாத வீடுகள் அங்கே ஊர் ஊராகப் பெருகின.

அந்தப் பிள்ளைகளுக்குக் காய்கறிச் சாகுபடியைக் கைத்தொழிலாகக் கற்றுக்கொடுப்பது நல்ல யோசனையாகவே தோன்றும். ஆனால் யோசனை புதிதல்ல. சுமார் இரண்டரை நூற்றாண்டுகளாக வெவ்வேறு நாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் அது பிள்ளைகளுக்கு வாழ்வு கொடுத்தது. சில இடங்களில் கூலியில்லா வேலைக்காரர்களை உண்டாக்கியது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தேடினால், பயிற்சியின் தரத்தைவிட ஒரு கேள்விக்கான பதிலே பெரிதாக வந்து நிற்கிறது: தோட்டத்தின் விளைச்சலும் கணக்கும், பிற்பாடு நிலமும் யார் கையில் இருக்கின்றன? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே செல்கிறது.

நல்ல எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கலாம். மொசாம்பிக் நாட்டின் மனிக்கா மாநிலத்தில் 2003ஆம் ஆண்டு இறுதியை ஒட்டி ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து இளையோர் வயல்வெளி வாழ்க்கைப் பள்ளிகளைத் தொடங்கின. 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள், ஒரு குழுவுக்குச் சுமார் முப்பது பேர், ஆணும் பெண்ணும் சம அளவில். வாரத்தில் சில நாட்கள் பள்ளி முடிந்ததும் தோட்டத்துக்கு வருவார்கள். உலக உணவுத் திட்டம் அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும். வேளாண் விரிவாக்கப் பணியாளர், பள்ளி ஆசிரியர், ஊர்த் தொண்டர் என்று ஒரு சிறு அணி வழிகாட்டும். பெற்றோரை இழந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தனியே நிறுத்தினால் ஊர்க் கண்ணில் அவர்கள் மேலும் தாழ்ந்துபோவார்கள் என்பதால், வேறு வகையில் நலிந்த வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பள்ளிகளின் வேர் ஆப்பிரிக்காவில் இல்லை. இந்தோனேசியாவில் பூச்சிமருந்தை அள்ளித் தெளித்துத் தெளித்தே நெல்லில் புகையான் பூச்சியின் தாக்குதல் பெருகிய காலத்தில், 1986இல் அந்த அரசு 57 மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை செய்தது. 1989 முதல் உழவர்களை வயலுக்கே வரவழைத்து, பூச்சிகளைத் தாங்களே கவனித்து முடிவெடுக்கப் பழக்கினார்கள். அந்த முறைதான் மனிக்காவின் பிள்ளைகளிடம் வந்தது. வாரம் ஒரு முறை பிள்ளைகள் பாத்திக்குள் இறங்கிச் செடியைப் பார்ப்பார்கள். எத்தனை இலை, எந்த இலையில் ஓட்டை, மண் ஈரமாக இருக்கிறதா என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு பெரிய தாளில் நடுவே செடியை வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகளையும் மறுபக்கம் பொறிவண்டு, சிலந்தி போன்ற நன்மை செய்பவற்றையும் வரைவார்கள். மற்றக் குழுக்களின் முன் அதை விளக்கி, இந்த வாரம் தண்ணீர் விடலாமா, களை எடுக்கலாமா, சும்மா விட்டுவிடலாமா என்று பேசி முடிவெடுப்பார்கள். அந்த முடிவின் பலனை அடுத்த வாரம் அவர்களே பார்ப்பார்கள்.

இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைக்காகப் பெரும்பாலும் மற்றவர்களே முடிவெடுக்கிறார்கள். எங்கே தங்குவது, எந்தப் பள்ளி, யாரோடு போவது என்று எதிலும் அந்தப் பிள்ளையைக் கேட்பதில்லை. தானே பார்த்து, தானே தீர்மானித்து, அந்தத் தீர்மானம் காயாகத் தொங்குவதைப் பார்க்கும் வாய்ப்பு அப்படிப்பட்ட பிள்ளைக்கு எவ்வளவு பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை. மொசாம்பிக்கின் பாடத்திட்டம் இதை அறிந்தே செயல்பட்டது. பயிரைப் பூச்சியிடமிருந்து காப்பதைப் பற்றிப் பேசிய அன்றே, பிள்ளைகள் தங்களை எச்.ஐ.வி.யிடமிருந்தும் துன்புறுத்துபவர்களிடமிருந்தும் காத்துக்கொள்வதைப் பற்றியும் பேசினார்கள். நாடகமும் பாட்டும் ஆட்டமும் அந்தப் பாடத்துக்குள்ளேயே இருந்தன. சொந்த வாயால் சொல்ல முடியாததை ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்ல அவை இடம் கொடுத்தன.

சோளமும் மரவள்ளியும் முதன்மை உணவாக உள்ள நாட்டில் காய்கறியை ஏன் முன்னிறுத்த வேண்டும்? காரணம் எளிது. கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும். பொறுமை குறைந்த வயதில், நாளை என்பதை நம்பவே கற்றிராத பிள்ளைக்கு, முதல் பலன் சீக்கிரம் கிடைக்க வேண்டும். இடம் கொஞ்சம் போதும். ஏர் மாடு வேண்டாம். நோயாளியைப் பார்த்துக்கொண்டோ தம்பி தங்கையைச் சுமந்துகொண்டோ இருக்கும் சிறுமிக்கும் இயலும். லெசோத்தோவின் மலைக் கிராமங்களில் கல்லடுக்கி இடுப்புயரத்துக்கு வட்டமான மேடைத் தோட்டம் கட்டுகிறார்கள். நடுவில் ஒரு கூடையில் சமையல் கழிவையும் சாம்பலையும் போட்டு, கழுவிய தண்ணீரை அதிலேயே ஊற்றுவார்கள். கூடைவரை கை எட்ட ஒரு பக்கம் மட்டும் வெட்டு இருக்கும். குனியவோ தோண்டவோ தேவையில்லாததால் முதிய பாட்டியும் அவள் வளர்க்கும் பேரப்பிள்ளைகளும் அதைப் பராமரிக்க முடிகிறது. ஆப்பிரிக்காவில் தாய் தந்தையை இழந்த பிள்ளைகளில் மிகப் பலரை வளர்த்தவர்கள் பாட்டிகள்தான் என்பதால் அந்த வட்ட மேடையின் அருமை இன்னும் கூடுகிறது.

அனாதைப் பிள்ளைகளுக்கென்று நிலம் ஒதுக்குவது அந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான். அன்றைய சுவாசிலாந்தில், அதாவது இன்றைய எஸ்வாத்தினியில், ஊர்த்தலைவரின் நிலத்தில் ஊரே கூடி விதைத்து, விளைவதை ஆதரவற்றோருக்குக் கொடுக்கும் இன்ட்லுன்குலு என்ற மரபு உண்டு. எய்ட்ஸ் காலத்தில் அதற்குப் புத்துயிர் கொடுத்தார்கள். ஜிம்பாப்வேயில் சுண்டே ராமாம்போ என்று இதே போன்ற வழக்கம் இருக்கிறது. இவை உயிர் காத்த ஏற்பாடுகள். ஆனால் இவற்றில் பிள்ளை உண்பவன் மட்டுமே, உழவன் அல்ல. வயிற்றை நிரப்புவதும் தொழில் கற்பிப்பதும் வெவ்வேறு என்பதைப் பல திட்டங்கள் மறந்துவிடுகின்றன. ஒரே தோட்டம் இரண்டையும் செய்யும் என்று எதிர்பார்த்தால், சோற்றுத் தேவை எப்போதும் முந்திக்கொண்டு பாடத்தை விழுங்கிவிடும்.

இனி நிலம். கணவன் இறந்ததும் உறவினர் வந்து வீட்டையும் வயலையும் மாட்டையும் எடுத்துக்கொண்டு, மனைவியையும் பிள்ளைகளையும் வெளியே அனுப்புவது தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நடந்தது. மொசாம்பிக்கின் 1997ஆம் ஆண்டு நிலச் சட்டம் வழக்காற்று உரிமையை ஏற்பதோடு ஆண் பெண் இருவருக்கும் சம உரிமை தருகிறது. சட்டம் நல்ல சட்டம்தான். அப்படி ஒன்று இருப்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இளையோர் வயல்வெளிப் பள்ளிகளின் பாடத்தில் சொத்துரிமையும் சேர்க்கப்பட்டது இதனால்தான். விதைக்கத் தெரிந்தும் விதைக்க இடமில்லாதவன் அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்குப் போவான். அவனுக்குக் கொடுத்த பயிற்சியின் பலன் முழுவதும் நிலக்காரனுக்கே போகும்.

ஐரோப்பாவின் வரலாறு இதைக் கசப்பாகச் சொல்கிறது. சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசி 1774இல் தம் நியூஹோஃப் பண்ணையில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். பண்ணை வேலையும் நூல் நூற்பும் செய்தே அவர்கள் தங்கள் செலவை ஈடுகட்டுவார்கள், கூடவே படிப்பும் நடக்கும் என்று நம்பினார். 1780இல் கடனில் மூழ்கி அது மூடப்பட்டது. கல்வி வரலாற்றில் அவரளவு அன்பானவர்கள் குறைவு. அவருக்கே அந்தக் கணக்கு நேராகவில்லை என்றால், அன்பு குறைந்தவர்கள் கையில் அது என்னவாகும்? அதே நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பெற்றோரை இழந்த அல்லது ஏழை வீட்டுப் பிள்ளைகளை அதிகாரிகளே பண்ணைகளில் வேலைக்கு விட்டார்கள். பலர் அடியும் பட்டினியும் பட்டார்கள். 2013 ஏப்ரலில் சுவிஸ் அரசு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

பிரிட்டன் தன் பிள்ளைகளைக் கடல் கடந்தே அனுப்பியது. 1869 முதல் சுமார் ஒரு லட்சம் பிள்ளைகள் கனடாவுக்குப் போய்ப் பண்ணைகளில் வேலை செய்தார்கள். 1912இல் கிங்ஸ்லி ஃபேர்பிரிட்ஜ் மேற்கு ஆஸ்திரேலியாவின் பின்ஜாராவில் பண்ணைப் பள்ளி ஒன்றை நிறுவினார். ஆண் பிள்ளைகளுக்கு உழவு, பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை. வெளியே பார்த்தால் திறந்த வெளி, நல்ல காற்று, தொழிற்பயிற்சி. உள்ளே பலருக்குத் தனிமையும் கொடுமையும். உயிரோடு தாய் இருந்தும், நீ அனாதை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகளும் அப்படி அனுப்பப்பட்டவர்களில் இருந்தார்கள். 2009 நவம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், 2010 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனும் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்கள். பயிர் வளர்க்கத் தெரியாததால் அந்தப் பண்ணைகள் தவறிப்போகவில்லை. பிள்ளை உழைத்தான், பலன் பிறர் கைக்குப் போனது, கேட்க ஆளில்லை.

நம் நாட்டில் இந்த விவாதம் 1937இல் உச்சத்தை எட்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி தம் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். உழவு போன்ற ஒரு கைத்தொழிலை மையமாக வைத்தே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும், பிள்ளைகள் செய்யும் பொருளின் விற்பனையால் ஆசிரியர் சம்பளம் கிடைக்க வேண்டும் என்றார். ஜாகிர் உசேன் குழு அதைப் பாடத்திட்டமாக வகுத்தது. ஆசிரியர் சம்பளம் பற்றிய பகுதியை அன்றைக்கே பொருளியலாளர் கே. டி. ஷா எதிர்த்தார். பள்ளி வருமானத்தை எதிர்பார்க்கத் தொடங்கினால் பிள்ளை தொழிலாளி ஆகிவிடுவான் என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம். தொழிலின் வழியே கணக்கும் அறிவியலும் கற்கலாம் என்ற காந்தியின் கருத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் நிறுவனத்தின் செலவைப் பிள்ளையின் உழைப்பால் ஈடுகட்டும் இடத்தில் ஷாவின் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கிறது. சாதாரணப் பள்ளிப் பிள்ளைக்கு, மாலையில் வீட்டுக்குப் போய் முறையிட அப்பா அம்மா இருக்கிறார்கள். ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைக்கு அந்த இல்லமே வீடு.

தமிழ்நாட்டில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்கும் மரபு பழையது. ஆனால் அதில் தோட்டக்கலைக்கு இடம் குறைவு. தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் தென் மாவட்டங்களில் நிறைந்தபோது, நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 1878இல் தொடங்கிய கைத்தொழிற்பள்ளி தச்சு, தையல், நெசவு என்றே சென்றது. 1905இல் மயிலாப்பூரில் தோன்றிய ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம் பின்னாளில் மோட்டார்த் தொழில்நுட்பம் வரை போயிற்று. இந்தத் தேர்வுக்கு நியாயம் உண்டு. நிலமில்லாதவனுக்குக் கையில் ஒரு உளியும் தையல் எந்திரமும் போதும். எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான். உழவுக்கு நிலம் வேண்டும். அதனால் இல்லங்களின் பின்கட்டில் தோட்டம் இருந்தாலும் அது சமையலறைக்கான வேலையாக நின்றதே ஒழிய, தொழிலாக வளரவில்லை. பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுகிறார்கள், களை எடுக்கிறார்கள், காய் பறித்துச் சமையலறையில் கொடுக்கிறார்கள். விதை எங்கிருந்து வந்தது, நாற்று என்ன விலை, அன்றைக்குச் சந்தையில் கத்தரிக்காய் எப்படிப் போகிறது என்று எதுவும் தெரியாமலே பதினெட்டு வயதில் வெளியேறுகிறார்கள்.

அதற்காகச் சமையலறைத் தோட்டம் வீணென்று சொல்லவில்லை. உலகக் காய்கறி மையம் நேபாளத்தில் பள்ளித் தோட்டங்களை ஆராய்ந்தபோது, பிள்ளைகளின் காய்கறி அறிவு கூடினாலும் அவர்கள் சாப்பிடும் அளவு கூடவில்லை. வீட்டுத் தோட்டத்தையும் பெற்றோரையும் சேர்த்துக்கொண்ட பிறகே உண்பதும் கூடியது. இல்லங்களில் தோட்டமும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் அந்த இடைவெளியை மிக எளிதாகக் கடக்கலாம். சத்துக்கு அது போதும். பிழைப்புக்குத்தான் போதாது.

பிழைப்புக்கு என்ன வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுத் தோட்டக்கலையை அறிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அஞ்சு சென்ட் இருந்தால் போதும், வாரம் ஒரு பாத்தி என்று தள்ளித் தள்ளி அரைக்கீரையும் சிறுகீரையும் விதைத்து, மாதம் திரும்பியதும் வாராவாரம் அறுக்கலாம் என்ற சுழற்சியை முதலில் கற்க வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை ஆறேழு மாதத்தில் காய்க்கும். ஓரம் முழுக்க நடலாம். எனக்கு அதிக நம்பிக்கை தருவது நாற்றுத் தொழில்தான். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, நிழல்வலைக் குடிலில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்த்து விற்பதற்குச் சொந்த வயல் தேவையில்லை. சுண்டைக்காய்ச் செடியை வேர்ப்பாகமாக வைத்துக் கத்தரியை ஒட்டுக்கட்டும் வேலையும் வந்திருக்கிறது. வாடல் நோயையும் நூற்புழுவையும் தாங்கி நெடுநாள் காய்க்கும் அந்தச் செடிக்குக் கிராக்கி உண்டு. ஒட்டுக்கட்டும் விரல் நேர்த்தி பதினாறு பதினேழு வயதில் படிந்துவிடும். இதைக் கற்றவனை நாற்றுப்பண்ணைகள் கூப்பிட்டு வேலை கொடுக்கும்; நாளை அவனே சிறு பண்ணை போடலாம்.

கூடவே ஒரு நோட்டு வேண்டும். விதைச் செலவு, எரு, போக்குவரத்து, கமிஷன் மண்டியில் பிடித்த தொகை, கைக்கு வந்தது என்று பிள்ளைகளே எழுதும் கணக்கு. இல்லத்துக்கு எடுத்துக்கொண்ட காய்க்கும் அன்றைய சந்தை விலையில் வரவு எழுத வேண்டும். அந்தத் தொகை பிள்ளையின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். நிறுவனங்கள் இதை விரும்பாது என்பது தெரியும். இதை ஏற்காத இடத்தில் நடப்பதைப் பயிற்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இல்லங்களின் மறுவாழ்வுச் சேவைகளில் ஒன்றாகத் திறன் வளர்ப்பை வைத்திருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்கிறது. பள்ளி நேரத்துக்குப் பின் சொந்தக் குடும்பத்துக்கு உதவுவது விதிவிலக்கு. காப்பகம் குடும்பம் ஆகாது. ஆகவே சிறு பிள்ளைகளுக்குத் தோட்டம் பாடமாகவும் விளையாட்டாகவும் இருக்கட்டும். விற்பனையும் தொழிலும் 14 வயதுக்கு மேல், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். பூச்சிமருந்துக் கைத்தெளிப்பானை எந்த வயதுப் பிள்ளையின் தோளிலும் மாட்டக்கூடாது. ஆதரவற்ற பிள்ளைக்கு உழவு போதும் என்ற எண்ணத்தில் கல்லூரிக் கனவை மறித்துத் தோட்டத்துக்கு அனுப்புவது பின்ஜாரா செய்ததையே மறுபடி செய்வதாகும்.

இத்தனைக்கும் பிறகு பதினெட்டாம் வயது வருகிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இல்லத்தை விட்டுப் போகும் இளைஞருக்கு 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது பற்றாது. தோட்டக்கலை கற்றவனுக்கு வேறொரு சுவரும் எழுகிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, தரகரில்லாமல் விற்க உழவனுக்குக் கிடைத்த அருமையான இடம். ஆனால் அங்கே கடை போட அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு நில ஆவணம் வேண்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டமும் நிலம் வைத்திருப்பவருக்கே. அரசின் கண்ணில் உழவன் என்பவன் பட்டா உள்ளவன். பெற்றோர் இல்லாத இளைஞனிடம் இருப்பது கைவேலை மட்டும்.

சில பிள்ளைகளுக்கு நிலம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009இல் உலக அளவில் சுட்டிக்காட்டியது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊரில் தாத்தா பெயரில் கால் ஏக்கரோ அரை ஏக்கரோ கிடக்கலாம், சித்தப்பா உழுதுகொண்டிருக்கலாம். பிள்ளையை இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே குடும்பச் சொத்து விவரத்தைக் கேட்டுக் கோப்பில் வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்த்து, பதினெட்டு வயதில் அந்தக் கோப்பை அவன் கையில் கொடுப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல. மொசாம்பிக்கில் சொத்துரிமை பாடமானது போல இங்கேயும் பட்டா, சிட்டா, வாரிசுச் சான்றிதழ் என்றால் என்ன என்பது தோட்டப் பயிற்சியின் ஒரு பாடமாக வேண்டும்.

நிலமே இல்லாதவர்களுக்கு வழி குத்தகைதான். பெனினில் கோட்ஃப்ரே நசமுஜோ என்ற பாதிரியார் 1985இல் தொடங்கிய சொங்காய் மையம் இளைஞர்களுக்குப் பயிர், மீன், கோழி, பதப்படுத்தல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கற்றுத்தருகிறது. அதற்கே தொடக்கம் அரசு தந்த ஒரு ஹெக்டேர் நிலம். இங்கே அப்படி நிலம் தரக்கூடியவர்கள் அறக்கட்டளைகள். தமிழ்நாட்டுப் புறநகர்களில் இருபது முப்பது ஏக்கர் வைத்துக்கொண்டு அதில் பாதியைச் சும்மா போட்டிருக்கும் அறக்கட்டளைகள் உண்டு. தங்களிடம் வளர்ந்த இளைஞர்கள் மூன்று நான்கு பேருக்கு, கிணற்றில் தண்ணீர்ப் பங்கோடு, ஆளுக்கு இருபத்தைந்து சென்ட்டை ஐந்து வருடக் குத்தகைக்கு அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுக்கலாம். வாய்ச்சொல்லாக வேண்டாம். குத்தகைதாரர் பெயரை வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஏற்ற 1969ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. பெயர் ஏறிவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நில உடைமையாளர்கள் அஞ்சுவதால்தான் அந்தப் பதிவேடு பெரும்பாலும் பயன்படாமல் கிடக்கிறது. பிள்ளைகளை வளர்ப்பதற்கென்றே நிலம் பெற்ற அறக்கட்டளைகளுக்கு அந்த அச்சம் பொருந்தாது. அவர்கள் முதலில் போய்ப் பெயரை ஏற்றட்டும். அந்தப் பதிவை வைத்து இளைஞர்கள் உழவர் சந்தை அட்டைக்கு விண்ணப்பிக்கட்டும். அட்டை மறுக்கப்பட்டால் இளைஞனைத் தனியே அலையவிடாமல், அறக்கட்டளையின் நிர்வாகியே மாவட்ட ஆட்சியரிடம் போய்ப் பேசட்டும்.